பிள்ளைத் துயரும் பெற்றோர் மனமும்

பெற்றோரைப் பிள்ளைகள் அடக்கம் செய்வது உலக வழக்கு. அவ்வழக்கு தலைகீழாகிப் பிள்ளையைப் பெற்றோர் அடக்கம் செய்ய நேரிடின், அதற்கு ஈடான துயரம் வேறொன்றில்லை. ஆகவேதான் நம் முன்னோர் அதற்குப் 'புத்திர சோகம்' என்று தனிப்பெயரே இட்டு வழங்கினர். செல்வமோ, புகழோ, கலைத்திறனோ இத்துயரைத் தடுத்து நிறுத்துவதில்லை என்பதற்கு நமது கம்பம் பள்ளத்தாக்கின் புதல்வர் இருவரின் வாழ்வே சான்றாகும்.

பண்ணைப்புரத்து இளையராஜாவும் தேனி அல்லிநகரத்துப் பாரதிராஜாவும் இம்மண்ணில் பிறந்தவர்கள். 1977-இல் '16 வயதினிலே', 1978-இல் 'கிழக்கே போகும் ரயில்', 1985-இல் 'முதல் மரியாதை' என ஒருவர் காட்சியாக வடித்ததை மற்றவர் இசையால் நிறைத்தார். நாட்டுப்புறத்து வாழ்வும் பேச்சும் தமிழ்த் திரையில் தமக்குரிய இடத்தைப் பெற்றதில் இவ்விருவரின் கூட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. இணைந்து படைத்த இவ்விருவரையும் முதுமையில் ஒரே துயரம் தேடி வந்தது.

இளையராஜாவின் மகள் பவதாரிணி, மகாகவியின் வாழ்க்கையைச் சொல்லும் 'பாரதி' (2000) என்னும் திரைப்படத்தில் தந்தையின் இசையில் பாடித் தேசிய விருது பெற்றவர், தாமும் இசையமைத்தவர். புற்றுநோயுற்று, 2024 ஜனவரி 25-ஆம் நாள் இலங்கையில் தமது 47-ஆம் வயதில் காலமானார். கூடலூரை அடுத்த லோயர்கேம்பில், பாட்டியும் தாயும் துயிலும் இடத்தில் அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது. தாய் 2011-லேயே மறைந்துவிட்டமையால், எண்பது வயதுத் தந்தை துணைவியின்றித் தனித்தே மகளை மண்ணுக்கு அளித்தார். பதினான்கு மாதங்கள் கழிந்தன. பாரதிராஜாவின் மகன் மனோஜ் 2025 மார்ச் 25-ஆம் நாள் மாரடைப்பால் உயிர்நீத்தார். 1999-இல் 'தாஜ்மகால்' படத்தில் தந்தையால் நடிகராக அறிமுகம் செய்யப்பட்டவர் அவர். 2023-இல் தாம் இயக்கிய 'மார்கழி திங்கள்' படத்தில் அதே தந்தையை நடிக்க வைத்து அழகு பார்த்தவர். அவருக்கு வயது 48.

இத்துயரை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகவே சுமக்கின்றனர். இளையராஜா தம் பணியைத் தொடர்ந்தார். 2025 மார்ச் 8-ஆம் நாள் இலண்டனில் தமது சிம்பொனியை அரங்கேற்றினார். மகளின் பெயரால் சிறுமியர் இசைக்குழு ஒன்றை அமைக்க விழைந்தார். பாரதிராஜாவோ துயரத்தில் ஒடுங்கியிருந்த நாட்களில், இளையராஜாவின் தம்பி கங்கை அமரன் அவர் இல்லம் சென்று, அருகில் அமர்ந்து, பழைய பாடல்களைப் பாடிக்காட்டித் தேற்றினார். முன்னவர் உழைப்பில் ஆறுதல் தேடினார். பின்னவருக்கு ஆறுதல் நண்பர் வடிவில் வந்தது. இவற்றுள் எது மெய்யான துயரம் என்று கேட்பது பேதைமை.

ஆயினும் நம் இல்லங்களில் இக்கேள்வி எழத்தான் செய்கிறது. கணவன் ஏழாம் நாளே திராட்சைத் தோட்டத்திற்குப் போய்விட்டால், "இவருக்கு மனம் கல்லோ?" என்று மனைவி எண்ணுகிறாள். ஆறு மாதமாகியும் அவள் பிள்ளையின் சட்டையை எடுத்து வைத்து அழுதால், "இன்னுமா?" என்று அவன் சலிக்கிறான். பிள்ளையை இழந்த வீடு, அதன்பின் கணவனையும் மனைவியையும் ஒருவருக்கொருவர் இழக்கக் கொடுக்கிறது. மெய்யான ஆபத்து இதுவே.

2025-இல் வெளிவந்த 'ஹாம்னெட்' என்னும் ஆங்கிலத் திரைப்படம் இவ்வாபத்தையே பொருளாகக் கொண்டது. நாடகப் பேராசான் ஷேக்ஸ்பியரின் ஒரே மகன் ஹாம்னெட் 1596-இல் பதினோராம் வயதில் இறந்தான் என்பது வரலாறு. மேகி ஓ ஃபாரல் என்னும் பெண் எழுத்தாளர் அதனை 2020-இல் நாவலாக்கினார். பிள்ளை இறக்கும் வேளையில் தந்தை இலண்டனில் இருக்கிறார். தாயோ பிள்ளையை மடியில் வைத்துப் போராடுகிறாள். அவர் மீண்டும் நாடகத் தொழிலுக்குத் திரும்பியதை அவளால் மன்னிக்க இயலவில்லை. இறுதியில் 'ஹாம்லெட்' நாடகத்தை அரங்கில் நின்று காணும்போதுதான், தன் கணவனும் இத்தனை காலம் அழுதுகொண்டே இருந்தான், கண்ணீருக்குப் பதில் மையைக் கொண்டு அழுதான் என்று அவள் உணர்கிறாள். இது கற்பனை கலந்த கதையே. எனினும் கதை உணர்த்தும் உண்மை நம் பங்குகளிலும் உள்ளது.

இவ்விடத்தில் நற்செய்தியின் ஒரு சிறு செய்தியைக் கருதுவோம். யாயீரின் மகள் இறந்து கிடந்த வீட்டில் ஒப்பாரியிட்ட கூட்டத்தை நம் ஆண்டவர் வெளியேற்றினார். ஆனால் சிறுமியின் தந்தையையும் தாயையும் சேர்த்தே உள்ளே அழைத்துச் சென்றார் என்று புனித மாற்கு எழுதுகிறார். ஒருவரை வெளியே நிறுத்தவில்லை. பிள்ளை கிடக்கும் அறைக்குள் இருவரும் சேர்ந்து நுழைய வேண்டும்; அங்கே அவர்களோடு ஆண்டவரும் இருப்பார். கணவனும் மனைவியும் இரவுச் செபத்தில் அப்பிள்ளையின் பெயரை வாய்விட்டுச் சொல்லிச் செபிப்பது அவ்வறைக்குள் நுழைவதேயாகும்.

அண்டை அயலார்க்கும் கடமை உண்டு. யோபுவின் நண்பர்கள் ஏழு நாட்கள் வாய் திறவாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தனர். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். விளக்கம் சொல்லத் தொடங்கியதும் அவருக்குச் சுமையாயினர். "எல்லாம் தேவ சித்தம், அழாதே" என்று தாயின் வாயை அடைப்பது விசுவாசமன்று. இலாசரின் கல்லறை முன் ஆண்டவரே அழுதார். வியாகுல அன்னையின் மடியில் மகனுடலைக் கிடத்திக் காட்டும் சுரூபத்தை நம் ஆலயங்களில் வைத்து வணங்கும் நாம், அழும் தாய்க்கு ஆலயத்தில் இடமில்லை என்பது எப்படி?

ஞானஸ்நானம் பெறுமுன்னரே இறந்த பச்சிளங்குழந்தையின் பெற்றோர் சிலர், அக்குழந்தைக்காகத் திருப்பலி கேட்கவும் தயங்குகின்றனர். தயங்க வேண்டாம். இத்தகைய குழந்தைகளைத் திருச்சபை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைத்து, அவர்கள் மீட்பை நம்பிக்கையோடு எதிர்நோக்குகிறது என்று 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு கற்பிக்கிறது. அவர்களுக்கென அடக்கச் செபங்களும் திருச்சபையில் உண்டு.

முப்பதாம் நாள் திருப்பலியோடு நம் வருகை நின்றுபோகிறது. துயரமோ அதற்குப் பின்னர்தான் வீட்டில் குடியேறுகிறது. ஆகவே, அன்பர்களே, ஆறாம் மாதத்திலும், அப்பிள்ளையின் பிறந்த நாளன்றும் அவ்வீட்டின் படியேறுங்கள். நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் தோட்டத்திற்குச் செல்கையில் அவர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பிள்ளையின் பெயரைச் சொல்ல அஞ்ச வேண்டாம். அதைப் பிறர் வாயால் கேட்கவே அப்பெற்றோர் ஏங்குகின்றனர். சொல்ல வார்த்தை கிடையாவிடில் சும்மா அமர்ந்திருங்கள். பாடத் தெரிந்தால் மெல்லப் பாடுங்கள். சிலுவையடியில் நின்ற அன்னையும் அருளப்பரும் பேசியதாக ஒரு சொல்லும் நற்செய்தியில் இல்லை; ஆயினும் அவர்கள் அங்கே நின்றார்கள்.