ஒன்றரை மனிதர்: ஒரு யுத்தம் எப்படிப் புனிதமானது?

உப்புவெளியில், நிலாவெளி வீதியோரமாக ஒரு மயானம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இறந்த பொதுநலவாயப் படையினருடையது. புல் ஒழுங்காக வெட்டப்பட்டிருக்கும். வரிசை வரிசையாகக் கற்கள். ஆளின் பெயர், படைப்பிரிவு, இறந்த திகதி எல்லாம் அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. எங்கோ பிறந்து இங்கே வந்து இறந்தவர்களை ஒருவர் ஒருவராக எண்ணி வைத்திருக்கிறார்கள்.

அந்த வழியால் போகும் போதெல்லாம் எனக்கு வேறொரு கணக்கு ஞாபகம் வரும். மகாவம்சத்தின் 25ஆவது அத்தியாயத்தில் வரும் கணக்கு அது. எல்லாளனை வென்று அநுராதபுரத்தைக் கைப்பற்றிய துட்டகைமுனு, அரண்மனை மேன்மாடத்தில் இருக்கிறான். வெற்றி கிடைத்தும் மனம் ஆறவில்லை. இத்தனை உயிர்களை அழித்துவிட்டேனே, எனக்கு இனி ஆறுதல் உண்டா என்று தவிக்கிறான். அதை அறிந்து பியங்குதீபத்திலிருந்து எட்டு அரகத்துகள் ஆகாய மார்க்கமாக வந்து இறங்குகிறார்கள். அரசே, நீ கொன்றது ஒன்றரை மனிதரைத்தான் என்கிறார்கள். மும்மணிகளைச் சரணடைந்து ஐந்து சீலங்களையும் ஏற்றவன் ஒரு முழு மனிதன். சரணம் மட்டும் அடைந்தவன் அரை மனிதன். மற்றவர்கள் எல்லோரும் பிழையான கொள்கையில் இருந்தவர்கள், விலங்குகளுக்குச் சமமானவர்கள்.

இலங்கையின் இனப்பிரச்சினையை எழுத வருபவர்கள் எல்லோரும் ஒருநாள் இந்த ஒன்றரையில் வந்து முட்டுவார்கள். நாங்கள் கோபத்தோடு இதை மேற்கோள் காட்டுவோம். மறுதரப்பில் இதை நியாயப்படுத்துபவர்களும் உண்டு, சங்கடப்பட்டுக் கடந்து போகிறவர்களும் உண்டு. ஆனால் இந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் இரு பக்கத்திலும் குறைவு.

கதை நடந்ததாகச் சொல்லப்படும் காலம் கிறிஸ்துவுக்கு முன் 2ஆம் நூற்றாண்டு. சோழ நாட்டிலிருந்து வந்த எல்லாளன் 44 வருடங்கள் அநுராதபுரத்தை ஆண்டான், கி.மு. 161 அளவில் உருகுணையிலிருந்து வந்த கைமுனுவிடம் வீழ்ந்தான் என்பது மரபு. இந்தக் கதையின் மிகப் பழைய எழுத்து வடிவம் மகாவம்சத்தில் இல்லை. அதற்கு முந்தியது தீபவம்சம். கி.பி. 4ஆம் நூற்றாண்டளவில் பாளியில் தொகுக்கப்பட்ட, செப்பமில்லாத ஒரு நூல். அது இந்த யுத்தத்துக்கு ஒதுக்கியது சில சுலோகங்களை மட்டுமே. எல்லாளன் என்ற அரசன் 44 வருடம் நீதியாக ஆண்டான், காக்கவண்ணனின் மகன் அபயன் பத்து வீரர்களோடும் கண்டுலன் என்ற யானையோடும் வந்து 32 அரசர்களைக் கொன்றான், 24 வருடம் ஆண்டான். கதை அவ்வளவுதான். ஈட்டியில் புனித தாது இல்லை. படையோடு பிக்குகள் போகவில்லை. எட்டு அரகத்துகள் இல்லை. ஒன்றரையும் இல்லை.

மகாவம்சம் கி.பி. 5ஆம் நூற்றாண்டின் கடைசியிலோ 6ஆம் நூற்றாண்டிலோ எழுதப்பட்டது. யுத்தத்துக்கும் அந்த எழுத்துக்கும் இடையில் 600 வருடங்களுக்கு மேல். அதன் 37 அத்தியாயங்களில் 11 கைமுனுவுக்கே. தீபவம்சத்தின் சில சுலோகங்கள் ஒரு காவியமாக வளர்ந்துவிட்டன. தாய் விகாரமகாதேவி கருவுற்றிருந்தபோது எல்லாளனின் வீரன் ஒருவனின் தலையைக் கொய்த வாளைக் கழுவிய நீரைக் குடிக்க ஆசைப்பட்டாளாம். ஒரு பக்கம் கங்கைக்கு அப்பால் தமிழர், மறுபக்கம் கடல், நான் எப்படிக் கைகால் நீட்டிப் படுப்பது என்று சிறுவன் கைமுனு சுருண்டு படுத்த காட்சியும் இங்கேதான் வருகிறது. அந்தக் கதையை நாங்களும் பள்ளிக்கூடத்தில் தமிழ் மொழிமூலத்தில் படித்தோம். யாரைப் பார்த்து அவன் சுருண்டு படுத்தான் என்பதை ரீச்சர் விளக்காமலே அடுத்த பக்கம் போனது நினைவிருக்கிறது.

பிறகு ஈட்டியில் தாதுவைப் பதித்துக்கொண்டு, 500 பிக்குகளையும் கூட்டிக்கொண்டு கைமுனு புறப்படுகிறான். இது இராச்சிய சுகத்துக்கான போர் அல்ல, புத்தசாசனத்தை நிலைநிறுத்துவதற்கான போர் என்று சத்தியம் செய்கிறான். உலகில் எங்கெங்கு புனித யுத்தம் நடந்ததோ அங்கெல்லாம் இந்தச் சாமான்களே வேண்டியிருந்திருக்கின்றன. 1095இல் பாப்பரசர் இரண்டாம் ஏர்பன் பிரான்சின் கிளெர்மோன் நகரில் சிலுவைப் போருக்கு ஆள் திரட்டியபோதும் ஒரு புனித அடையாளமும் பாவ விமோசன வாக்குறுதியும் தேவைப்பட்டன. கொல்லப் போகிறவனுக்கு மனச்சாட்சி என்று ஒன்று இருக்கிறது. அதற்கு முன்கூட்டியோ பிறகோ யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

அப்படியென்றால் தீபவம்சத்தில் இல்லாத புனிதம் மகாவம்சத்துக்குள் ஏன் வந்தது? எழுதியவர் இருந்த இடத்தைப் பார்க்க வேண்டும். மகாவிகாரையைச் சேர்ந்த பிக்கு அவர். அந்த விகாரை, அபயகிரி விகாரையோடு நெடுங்காலம் போட்டியில் இருந்தது. மகாசேனன் காலத்தில் இடிக்கப்பட்டும் இருந்தது. அந்த மகாசேனன் சிங்கள மன்னன், பௌத்தன். இன்னொன்று, 5ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து வந்த அறுவர் கால் நூற்றாண்டுக்கு மேல் அநுராதபுரத்தை ஆண்டார்கள். தாதுசேனன் அவர்களை வீழ்த்தினான். மகாவம்சம் எழுதப்பட்டபோது அந்த நினைவு இன்னும் சூடாக இருந்திருக்கும். அரசனுக்குச் சங்கம் வேண்டும், சங்கத்தைக் காப்பதே அரசனின் தொழில் என்று சொல்ல 600 வருடம் பழைய ஒரு யுத்தம் வசதியாகக் கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த அறுவரில் சிலர் பௌத்த சங்கத்துக்குத் தானம் கொடுத்ததற்குக் கல்வெட்டு இருக்கிறது. கல்வெட்டில் தானம் கொடுப்பவன் நூலில் எதிரியாக மட்டுமே வருகிறான்.

ஆனாலும் மகாவம்சத்தை முழுக்கப் படித்தால், அதைத் தூக்கிப் பிடிப்பவர்களுக்கும் திட்டுபவர்களுக்கும் சிக்கல் தரும் இடங்கள் நிறைய. கைமுனுவின் பத்து மாவீரர்களில் முதல்வனான நந்திமித்தன் யார்? எல்லாளனின் சேனாதிபதி மித்தனின் சகோதரி மகன். அவனது ஊர் கிழக்குத் திசையில் இருந்ததாக நூல் சொல்கிறது. மாமனின் பெயரையே மருமகனுக்கு வைத்திருக்கிறார்கள். இரண்டு இனங்களுக்கிடையிலான யுத்தம் என்றால் இந்த மாமன் மருமகன் உறவை எங்கே வைப்பது? எல்லாளனோடு மோதுவதற்கு முன் கைமுனு தன் தம்பி சத்தாதீசனோடு போரிட்டான். அதில் ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். அவர்களுக்காக ஆகாயத்தில் யாரும் பறந்து வரவில்லை. பேராதனையில் கற்பித்த வரலாற்றாசிரியர் ஆர்.ஏ.எல்.எச். குணவர்தன 1979இல், இதைச் சிங்கள – தமிழ் யுத்தமாக வாசிப்பது பின்னாளைய வாசிப்பு என்று ஆதாரங்களோடு வாதிட்டார். அதே நாட்டில் 1956இல் வல்பொல ராகுல தேரர், சிங்கள தேசியத்தின் தொடக்கமே கைமுனுவின் போர்தான் என்று எழுதியிருந்தார். தேர்தல் மேடைகளுக்கு எது பயன்பட்டது என்று சொல்லத் தேவையில்லை.

எல்லாளனைப் பற்றியும் அந்த நூல் கஞ்சத்தனமாக எழுதவில்லை. கன்றைத் தேர்க்காலில் கொன்ற மகனுக்கு அதே தண்டனை கொடுத்தவன். தன் தேர் பட்டுத் தூபி ஒன்று சேதமானபோது, என் தலையை வெட்டுங்கள் என்று இறங்கி நின்றவன். நாங்கள் மனுநீதிச் சோழன் என்று படித்த கன்றுக் கதையும் இதுவும் ஒன்றே. தெற்கு வாசலில் நடந்த ஒற்றைக்கு ஒற்றைச் சண்டையில் எல்லாளன் விழுந்த பிறகு, அந்த இடத்திலேயே தகனம் செய்து நினைவுச்சின்னம் கட்டுவித்தான் கைமுனு. அதைக் கடந்து போகிறவர்கள் வாத்தியங்களை நிறுத்த வேண்டும் என்றும் உத்தரவிட்டான். 1818இல் ஆங்கிலேயருக்கு எதிரான கிளர்ச்சி தோற்றுத் தப்பி ஓடிய கண்டிப் பிரதானி ஒருவர், உயிர் ஆபத்திலும் பல்லக்கிலிருந்து இறங்கி அந்த இடத்தை நடந்தே கடந்தார் என்று ஆங்கில அதிகாரிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டில் தொல்லியலாளர்கள், மக்கள் எல்லாளன் சமாதி என்று நம்பி வந்த மேடு உண்மையில் தக்கிண தூபி என்றார்கள். தொல்லியல் ரீதியில் அது சரியாகவும் இருக்கலாம். மரியாதை செய்ய ஓரிடம் இல்லாமல் போனது என்னவோ உண்மை. இறந்த எதிரிக்கு மேளத்தை நிறுத்தச் சொன்ன அரசனைக் கொண்டாடும் நாட்டில், 2009க்குப் பிறகு வடக்கு கிழக்கின் துயிலும் இல்லங்கள் மட்டமாக்கப்பட்டன.

எனக்கு அந்த நூலில் மிகவும் உறுத்திய இடம் இன்னொன்று. ஆறுதல் பெற்ற கைமுனுவுக்கு ஒரு குற்ற உணர்வு மிஞ்சுகிறது. சங்கத்துக்குக் கொடுக்காமல் ஒருமுறை மிளகு ஒன்றைத் தின்றுவிட்டானாம். அதற்குப் பிராயச்சித்தமாக ஒரு பெரிய விகாரையே எழும்பியது. அநுராதபுரத்தில் இன்றும் நிற்கிறது, மிரிசவெட்டி. மிளகுக்குத் தூபி கிடைத்தது. கொல்லப்பட்டவர்களுக்குக் கணக்குத்தான் கிடைத்தது, ஒன்றரை.

பௌத்தம் இதைத்தான் சொல்லும் என்று இல்லை. மகிந்த தேரரை இலங்கைக்கு அனுப்பிய அசோகன், கலிங்கப் போருக்குப் பிறகு தன் 13ஆவது பெரும் பாறைச் சாசனத்தில் எழுதுவித்த எண்கள் வேறு: கொல்லப்பட்டோர் ஒரு இலட்சம், நாடு கடத்தப்பட்டோர் ஒன்றரை இலட்சம், அதைவிடப் பல மடங்கு பேர் பிறகு இறந்தார்கள். வென்றவனே தன் கையால் எண்ணிக்கையைக் கூட்டி வெளியிட்ட ஆவணம் அது. அசோகனைப் பக்கம் பக்கமாகப் புகழும் மகாவம்சம் கலிங்கத்தைச் சொல்லவே இல்லை.

மகாவம்சம் பரவலாக வெளியே தெரிய வந்தது 1837இல் ஜோர்ஜ் டேர்னர் அதை ஆங்கிலத்தில் அச்சிட்ட பிறகு. விகாரைகளின் ஓலையில் பக்திக் கதையாக இருந்தது, அச்சில் ஏறியதும் வரலாற்று ஆதாரமானது. 1962இல் இலங்கை இராணுவத்தில் கைமுனுவின் பெயரால் ஒரு படைப்பிரிவு உருவானது. 2007 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் அநுராதபுரம் விமானப்படைத் தளத்தைத் தாக்கியபோது அந்த நடவடிக்கைக்கு எல்லாளனின் பெயர் வைத்தார்கள். இரண்டு பெயர்களும் ஒரே நூலிலிருந்து எடுக்கப்பட்டவை. அந்த நூலைப் பொய் என்று சொல்லும் நாங்களே, மகாசேனன் கோகண்ணத்தில் தேவாலயத்தை அழித்தான் என்ற அதன் கடைசி அத்தியாய வரியைக் கோணேசரின் பழமைக்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறோம். நானும் எடுத்திருக்கிறேன்.

திருகோணமலையில் இருப்பவர்களுக்கு இது பழங்கதை அல்ல. 2005 மே மாதம் பஸ் நிலையத்துக்கு அருகில் ஓர் இரவில் புத்தர் சிலை முளைத்து நகரமே கதவடைப்பில் கிடந்தது. 2020 யூனில் கிழக்கின் தொல்லியல் மரபுரிமைக்கென்று பாதுகாப்புச் செயலாளர் தலைமையில் ஜனாதிபதி செயலணி அமைந்தபோது, அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. ஒரு மேட்டைத் தோண்டினால் அது யாருடையது என்று தீர்மானிக்கும்போது, மண்வெட்டிக்குப் பின்னால் ஒரு நூல் நிற்கிறது.

கைமுனு சுருண்டு படுத்துப் பயந்த அந்தக் கங்கை, மகாவலி, எங்கள் மாவட்டத்தில்தான் கடலில் விழுகிறது. உப்புவெளியிலிருந்து தெற்கே நகரைக் கடந்து போனால் கொட்டியாரக்குடா. அதற்கும் தெற்கே, அவன் தகப்பன் கட்டியதாகச் சொல்லப்படும் சேருவில விகாரை. மூதூர்ப் பக்கத்தில் கிளிவெட்டியை அண்டிய குமாரபுரத்தில் 1996 பெப்ரவரி 11 அன்று 24 பொதுமக்கள் சுட்டும் வெட்டியும் கொல்லப்பட்டார்கள். பெண்களும் பிள்ளைகளும் அதில் அடக்கம். வழக்கு இருபது வருடம் இழுபட்டது. கடைசியில் விசாரணை நடந்தது திருகோணமலையில் அல்ல, அநுராதபுரம் மேல் நீதிமன்றத்தில். உயிர் தப்பியவர்கள் அங்கே போய்ச் சாட்சி சொன்னார்கள். 2016 யூலையில், குற்றம் சாட்டப்பட்டிருந்த ஆறு முன்னாள் இராணுவத்தினரும் விடுதலை செய்யப்பட்டார்கள்.