தோலில் ஏறும் மை: ஜப்பானியர் பச்சை குத்தும் முறை

காகிதமும் மையும் விற்பவன் நான். மை எங்கே போனாலும் பின்னாலேயே போய்ப் பார்ப்பது என் பழக்கம். நம் சங்கத்துப் பிள்ளைகள் சிலர் இப்போது வேலைக்காக ஜப்பான் போகிறார்கள். அவர்களில் ஒருவன் முதுகில் டிராகன் குத்திக்கொள்ளலாமா என்று கேட்டதால், இதுவரை படித்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

"இரெசுமி" என்றால் மையை உள்ளே இடுதல். "ஹொரிமோனோ" என்றால் செதுக்கியது. நாம் நிறத்தைப் பார்த்துப் பச்சை என்றோம். அவர்கள் செயலைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். மை என்னவோ கறுப்புதான். தோலுக்கு அடியில் போனால் நீலம் பாரித்துவிடும். நம் பாட்டிமார் கையில் பார்த்திருப்பீர்களே, அதே சங்கதி.

பெயர் இரண்டாக இருப்பதற்கும் காரணம் உண்டு. 1720 முதல் எடோ அரசு, மூக்கையும் காதையும் அறுப்பதற்குப் பதிலாக, திருடர்களுக்குக் கையிலோ நெற்றியிலோ குறி குத்தியது. அந்தத் தண்டனைக் குறிதான் இரெசுமி. ஆசைப்பட்டுக் குத்திக்கொண்டவர்கள் அந்தப் பெயரை ஒதுக்கி ஹொரிமோனோ என்றார்கள். 1827 வாக்கில் உதாகவா குனியோஷி என்ற ஓவியர், சீனத்து 108 வீரர் கதைக்கு அச்சுப்படங்கள் வெளியிடத் தொடங்கினார். உடம்பெல்லாம் சித்திரம் ஏறிய வீரர்கள்! தீயணைப்போர், தச்சர், பல்லக்குத் தூக்கிகள் எல்லாருக்கும் அந்த ஆசை பிடித்தது. நெருப்போடு மல்லுக்கட்டுகிறவன், தண்ணீருக்கு அதிபதியான டிராகனை முதுகில் ஏற்றிக்கொண்டான்.

1872இல் மெய்ஜி அரசு தடை போட்டது. மேல்நாட்டார் இழிவாக நினைப்பார்களே என்ற கவலை. வேடிக்கை பாருங்கள், அந்த மேல்நாட்டார்தான் தேடிவந்து குத்திக்கொண்டார்கள். 1881இல் அங்கே போன ஆங்கில இளவரசர் ஜார்ஜ் கையில் டிராகன் ஏறியது. நம் பழைய வெள்ளி ரூபாயில் தலை இருக்கிறதே, அதே ஐந்தாம் ஜார்ஜ். தடை நீங்கியது 1948இல்.

குத்தும் கருவி, ஒரு மூங்கில் பிடியும் அதன் நுனியில் கொத்தாகக் கட்டிய ஊசிகளும். சுத்தம் செய்ய வசதி என்று இப்போது உலோகப் பிடியும் உண்டு. இடது கையால் தோலை இழுத்துப் பிடித்து, கட்டைவிரல்மேல் பிடியைச் சாய்த்து, தாளம் தப்பாமல் உந்துவார்கள். இதற்குத் தெபொரி என்று பெயர். கோட்டை மெஷினில் போட்டுவிட்டு, நிழலை மட்டும் கையால் ஏற்றுகிறவர்களும் உண்டு.

மைக்கட்டி செய்வதில் நாரா நகரம் பேர்போனது. புகைக்கரியோடு மிருகத்தோல் பசை சேர்த்துத்தான் அதைச் செய்வார்கள். ஜைனனான எனக்கு அங்கே கை நின்றுவிடுகிறது. இப்போது தயார் மையும் வருகிறது. அதிலும் என்ன கலந்திருக்கிறது என்று கேட்காமல் உடம்பில் ஏற்றக்கூடாது.

ஒரு படத்தைப் பொறுக்கி மூலையில் ஒட்டுகிற சமாச்சாரமல்ல இது. முதுகு முழுக்க ஒரே சித்திரம், தொடைவரை இறங்கும். பின்னணியில் அலையும் மேகமும். செர்ரிப்பூ வந்தால் வசந்தம், மேப்பிள் இலை வந்தால் இலையுதிர்காலம், பருவத்தைக் கலக்கமாட்டார்கள். மார்பின் நடுவே ஒரு பட்டையை வெறுந்தோலாக விடுவதும் உண்டு. மேலங்கி திறந்திருந்தாலும் சித்திரம் வெளியே தெரியாது. மறைத்துவைக்கத்தான் இத்தனை பாடு! நம் பிள்ளைகளோ ஊர் பார்க்கத்தானே குத்திக்கிறாங்க.

வாரம் ஒரு தடவை உட்கார்ந்தாலும் முதுகு முடிய வருஷத்துக்கு மேல் ஆகலாம். முழு உடம்புக்குப் பல வருஷம். கூலியும் உட்காரும்போதெல்லாம் கொடுக்க வேண்டும். பணமோ பொறுமையோ தீர்ந்து, கோட்டோடு நின்றுபோன முதுகுகளும் உண்டு. இரண்டு வருஷ விசாவில் போகிறவன் இந்தக் கணக்கை முதலில் போட வேண்டும்.

சட்டச் சிக்கல் ஓரளவு தீர்ந்தது. பச்சை குத்துவது மருத்துவத் தொழிலல்ல, டாக்டர் உரிமம் வேண்டாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் யாகுசா என்ற குற்றக் கும்பல்களின் அடையாளம் என்ற பேச்சு இன்னும் போகவில்லை. 2015இல் அந்நாட்டுச் சுற்றுலாத் துறை விசாரித்தபோது, பதில் தந்த வெந்நீர்க் குளியல் விடுதிகளில் 56 சதவீதம் பச்சை குத்தியவர்களைச் சேர்ப்பதில்லை என்றன. மறைத்துக்கொண்டு வந்தால் சரி என்றவை 13 சதவீதம். சின்னக் குறியென்றால் மேலே ஒட்டுத்துணி ஒட்டிக்கொண்டு இறங்கலாம். முழு முதுகுக்கு அது நடக்காது. தனிக் குளியலறை உள்ள விடுதியாகத் தேட வேண்டியதுதான்.