உண்ணல் கோளாறுகளுக்குச் சிகிச்சை: இல்லத்திலும் மருத்துவமனையிலும்

1944ஆம் ஆண்டின் இறுதியில், இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அரியதோர் ஆராய்ச்சி தொடங்கியது. போரினால் பட்டினிக்கு ஆளான ஐரோப்பிய மக்களுக்கு மீண்டும் எவ்வாறு உணவளிப்பது என்பதை அறிவதே அதன் நோக்கம். உடலாலும் உள்ளத்தாலும் உறுதி வாய்ந்த 36 இளைஞர்கள் தாமாகவே முன்வந்து அதில் பங்கு கொண்டனர். ஆன்சல் கீஸ் என்னும் உடலியல் அறிஞர் ஆராய்ச்சியை நடத்தினார். 24 வாரங்களுக்கு, அவர்களுடைய வழக்கமான உணவில் ஏறக்குறையப் பாதியே அவர்களுக்கு அளிக்கப்பட்டது. அவர்களது உடல் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு குறைந்தது.

எடை குறைந்ததில் வியப்பில்லை; மனம் மாறிய விதமே வியப்பிற்குரியது. அவ்விளைஞர்கள் நாள் முழுவதும் உணவைப் பற்றியே எண்ணலாயினர். சிலர் சமையற் குறிப்புகளைச் சேகரித்தனர். தட்டிலிருந்த சிறிதளவு உணவை நெடுநேரம் வைத்து உண்டனர். நண்பர்களை விட்டு விலகினர். எரிச்சலும் சோர்வும் அவர்களைப் பற்றிக்கொண்டன. மீண்டும் தாராளமாக உணவு கிடைத்தபோது, வயிறு நிறைந்த பின்னும் நிறுத்த இயலாமல் உண்டவர்களும் உண்டு. பட்டினி வயிற்றை மட்டும் தாக்குவதன்று, சிந்தனையையும் தாக்குகிறது என்பதை இவ்வாராய்ச்சி நன்கு விளக்கிற்று. உண்ணல் கோளாறுகளுக்கு இன்று அளிக்கப்படும் சிகிச்சையைப் புரிந்துகொள்ள இவ்வுண்மையே திறவுகோலாகும்.

நோயின் இயல்பு

1873ஆம் ஆண்டில் பாரிஸில் லசேக் என்பவரும், லண்டனில் வில்லியம் கல் என்பவரும், தனித்தனியே, உண்ண மறுத்து மெலியும் இளம்பெண்களின் நோயை விவரித்தனர். மறு ஆண்டில் கல் அதற்கு ‘அனோரெக்சியா நெர்வோசா’ என்னும் பெயரை இட்டார். நரம்புத் தளர்ச்சியால் நேரும் பசியின்மை என்பது அப்பெயரின் பொருள். பெயர் அத்துணைப் பொருத்தமானதன்று. ஏனெனில் இந்நோயாளிகளில் பலருக்குப் பசி இல்லாமல் இல்லை. பசியை அடக்கி ஆள்கிறார்கள்.

1979ஆம் ஆண்டில் ஜெரால்டு ரஸ்ஸல் என்ற ஆங்கில மருத்துவர் ‘புலிமியா நெர்வோசா’ என்னும் மற்றொரு வகையை விவரித்தார். இதில் நோயாளி ஒரே வேளையில் அளவின்றி உண்டு, பின்னர் வாந்தி எடுத்தோ பேதி மருந்து உட்கொண்டோ அதை வெளியேற்ற முயல்வார். எடை இயல்பாகவே இருக்கக்கூடுமாதலால் பல்லாண்டுகள் வரை வீட்டாருக்கே தெரியாமல் போவதுண்டு. அவ்வாறு வெளியேற்றாமல் மிகையாக மட்டும் உண்ணும் மூன்றாம் வகையும் உண்டு. ஆண்களும் நடுவயதினரும் கூட இந்நோய்களுக்கு ஆளாகின்றனர்.

இதனைப் பிடிவாதம் என்றோ, நாகரிக மோகம் என்றோ ஒதுக்குவது பெருந்தவறு. நம் நாட்டில் விரதம் இருப்போர் பலர். ஆனால் விரதத்தை முடிப்பதற்கு ஒரு வேளை உண்டு. இந்நோய்க்கு அவ்வேளை வருவதில்லை. மனநோய்கள் பலவற்றுள்ளும் மிக அதிகமாக உயிரைக் கொள்ளும் நோய்களில் அனோரெக்சியா ஒன்று. பல ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான கணக்கின்படி, இந்நோயாளிகள் ஆயிரம் பேரில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 5 பேர் இறக்கின்றனர். இறப்போரில் ஐவரில் ஒருவர் தற்கொலை செய்துகொள்கிறார்.

உணவே மருந்து, ஆயினும் அளவு வேண்டும்

உணவே மருந்து என்பது நம் முதுமொழி. மருந்தாயின் அதற்கு அளவும் உண்டு, கொடுக்கும் முறையும் உண்டு. நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென மிகுந்த உணவளித்தால் அதுவே உயிருக்கு ஆபத்தாக முடியலாம்.

இதன் காரணம் எளிதில் விளங்கக்கூடியது. பட்டினியின்போது உடல் தன் கொழுப்பையும் தசையையும் எரித்து வாழ்கிறது. பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகிய உப்புகளின் கையிருப்பு குறைந்துவிடுகிறது. மாவுச்சத்து மிகுந்த உணவு உள்ளே சென்றதும் இன்சுலின் பெருகுகிறது. அது சர்க்கரையுடன் இவ்வுப்புகளையும் இரத்தத்திலிருந்து உயிரணுக்களுக்குள் இழுத்துச் செல்கிறது. இரத்தத்தில் அவற்றின் அளவு சட்டெனத் தாழ்கிறது. அதனால் இருதயத் துடிப்பு தாறுமாறாகலாம், மூச்சுத் தசைகள் தளரலாம், வலிப்பும் நேரலாம். உணவு மீண்டும் தொடங்கிய முதல் சில நாட்களே மிகவும் கவனிக்க வேண்டிய காலமாகும்.

ஆகவே ஆபத்து மிகுந்த நோயாளிக்கு மருத்துவமனையில் உணவு அளவாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டப்படுகிறது. தயாமின் என்னும் உயிர்ச்சத்து முன்னதாகவே கொடுக்கப்படுகிறது. இரத்தத்தின் உப்புகள் அடிக்கடி சோதிக்கப்படுகின்றன. அச்சத்தினால் மிகக் குறைவாக உணவளித்து நோயாளியை மேலும் மெலியவிடுவதும் அதே அளவு ஆபத்தானது என்பதை, இங்கிலாந்தின் மனநல மருத்துவர் கழகம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டி வலியுறுத்துகிறது.

யாரை மருத்துவமனையில் சேர்ப்பது?

உண்ணல் கோளாறு உடைய பெரியோரில் பெரும்பாலோர் தம் இல்லத்திலிருந்தவாறே சிகிச்சை பெறலாம். உடல்நிலை ஆபத்தான கட்டத்தை எட்டியவர்களுக்கே மருத்துவமனைப் படுக்கை தேவைப்படுகிறது. இவ்விரண்டிற்கும் இடையே, பகல் வேளையில் சிகிச்சை நிலையத்தில் இருந்து, உணவுகளை அங்கே உண்டு, இரவில் வீடு திரும்பும் முறையும் உண்டு.

ஆபத்தை எடையைக் கொண்டு மட்டும் கணிக்கலாகாது. உடல் எடையைக் கிலோவில் கண்டு, அதை மீட்டரில் கணக்கிட்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணை மருத்துவர்கள் பயன்படுத்துகின்றனர். 1.60 மீட்டர் உயரமும் 33 கிலோ எடையும் உடையவருக்கு இது 12.9 ஆகும். 13க்குக் குறைவது பேராபத்தின் அறிகுறி. நலமுடைய பெரியோருக்கு இது 18.5க்குக் குறையக் கூடாது. எனினும் எடை இயல்பாக உள்ள ஒருவர், இடைவிடாத வாந்தியினால் பொட்டாசியம் குறைந்து இறந்துபோகவும் கூடும். எனவேதான், ஒரு குறிப்பிட்ட எடைக்குக் கீழே வந்தால்தான் சேர்ப்போம் என்று கூறலாகாது என இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டி 2017இல் அறிவுறுத்தியது.

கருவிகள் இல்லாத இடத்தில் கள ஊழியர் செய்யத்தக்க எளிய சோதனை ஒன்று உண்டு. மல்லாந்து படுத்திருப்பவர் கையூன்றாமல் எழுந்து உட்கார வேண்டும். பின்னர், குந்தி அமர்ந்த நிலையிலிருந்து கையூன்றாமல் எழுந்து நிற்க வேண்டும். விழுந்துவிடாதபடி ஒருவர் அருகில் நிற்பது அவசியம். கையூன்றாமல் எழ இயலாவிடில் தசைகள் மிகவும் நலிந்துவிட்டன என்று கொள்ள வேண்டும்.

இதனோடு கீழ்க்கண்டவற்றில் ஏதேனும் ஒன்று காணப்படினும் அன்றே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்: விழித்திருக்கும்போது நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 40க்குக் குறைதல், உடல் வெப்பம் 35.5 டிகிரி செல்சியசுக்குத் தாழ்தல்; எழுந்து நின்றால் மயங்கி விழுதல்; உணவையும் நீரையும் அறவே மறுத்தல்; தற்கொலை எண்ணம். ஒரு முறை எடுத்த இரத்தச் சோதனை சரியாக இருப்பதைக் கொண்டு அமைதி அடைந்துவிடக் கூடாது. பட்டினி முற்றிய நிலையிலும் அது இயல்பாகத் தோன்றுவதுண்டு.

மருத்துவமனையில் நடப்பது

இதற்கெனப் பயிற்சி பெற்ற சிகிச்சைப் பிரிவில் மனநல மருத்துவர், பொது மருத்துவர், செவிலியர், உணவியல் நிபுணர், உளவியல் அறிஞர் ஆகியோர் ஒரு குழுவாகப் பணியாற்றுகின்றனர். செவிலியர் நோயாளியுடன் அமர்ந்து, ஒவ்வொரு வேளை உணவிற்கும் துணையிருக்கிறார். உணவிற்குப் பின் சிறிது நேரம் உடனிருந்து பேசுகிறார். வாந்தி எடுக்கும் உந்துதல் தணிய இது உதவுகிறது. குழாய் வழியாக உணவூட்டுவது வேறு வழியே இல்லாதபோது மட்டும் கையாளப்படுகிறது.

வாரத்திற்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை எடை கூடுவதே இங்கு இலக்காகக் கொள்ளப்படுகிறது. மேலே கூறிய 33 கிலோ எடையுள்ளவர் 47 கிலோவை எட்ட 14 கிலோ கூட வேண்டும். அதற்கு 14 முதல் 28 வாரங்கள் பிடிக்கும். ஆகவே முழுப் பணியையும் மருத்துவமனையே முடித்துவிடும் என்று எதிர்பார்க்கலாகாது. உயிரைக் காத்து, சிந்திக்கும் ஆற்றலை மீட்டு, நோயாளியை அடுத்த கட்டத்திற்கு அனுப்புவதே அதன் வேலை. மினசோட்டா இளைஞர்கள் காட்டியது போல, பட்டினியால் வாடிய மூளையுடன் எவ்வளவு பேசினும் பயன் குறைவு; முதலில் உணவு, பின்னரே ஆழ்ந்த உரையாடல்.

இல்லத்திலிருந்து பெறும் சிகிச்சை

அனோரெக்சியாவைத் தனியே நின்று குணப்படுத்தும் மாத்திரை எதுவும் இல்லை. முறையான உணவோடு, பயிற்சி பெற்றவருடன் வாரந்தோறும் நடைபெறும் உரையாடலே முதன்மையான சிகிச்சை. உணவையும் உடலையும் பற்றிய எண்ணங்களை ஆராய்ந்து பழக்கங்களை மாற்றும் முறை 40 வாரங்கள் வரை நீடிக்கும். புலிமியாவிற்கு 20 வாரங்கள் போதுமானதாக இருக்கலாம். சிலர் வழிகாட்டி நூலின் துணையுடன் தாமே பயின்றும் பயனடைகின்றனர்.

இல்லத்திலிருந்தவாறே சிகிச்சை பெறுவது வீண் நம்பிக்கை அன்று. ஜெர்மனியில் அனோரெக்சியா நோயுற்ற 242 பெண்களுக்கு, மருத்துவமனையில் சேர்க்காமலே, மூன்று முறைகளில் பத்து மாதங்கள் சிகிச்சை அளித்த ஆய்வின் முடிவு 2014இல் வெளியாயிற்று. மூன்று முறைகளிலும் எடை கூடியது. சிகிச்சை முடிந்த மறு ஆண்டிலும் அது தொடர்ந்து கூடியது.

வில்லியம் கல் தம் காலத்தில், உறவினர்களே இந்நோயாளிகளைப் பேணுவதற்கு மிகவும் தகுதியற்றவர்கள் என்று கருதினார். இன்று அக்கருத்து மாறிவிட்டது. நோயாளியின் சம்மதத்துடன் குடும்பத்தாருக்கும் பயிற்சி தரப்படுகிறது. திட்டாமல், கெஞ்சாமல், வேளை தவறாமல் உடன் அமர்ந்து உண்பதே அப்பயிற்சியின் சாரம்.

இணைப்பு அறுந்துவிடலாகாது

மருத்துவமனையை விட்டு வீடு திரும்பும் காலம் மிக நுட்பமானது. முன்னர்ப் பார்த்த மருத்துவர் வேறு, இனிப் பார்ப்பவர் வேறு; ஊரும் மாறலாம். இங்கிலாந்தில் உண்ணல் கோளாறு நோயாளிகளின் இறப்புகளை ஆராய்ந்து 2017இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கை, சிகிச்சை நிலையங்களுக்கிடையே ஒத்துழைப்பு இல்லாமையைப் பெருங்குறையாகச் சுட்டியது. 2019இல் அந்நாட்டில் வெளியான திட்ட வழிகாட்டி, இல்லச் சிகிச்சை, பகல்நேரச் சிகிச்சை, படுக்கைச் சிகிச்சை ஆகிய மூன்றையும் ஒரே சங்கிலியாக அமைக்குமாறு கூறியது. யார் எடை பார்ப்பது, யார் இரத்தம் சோதிப்பது, எடை மீண்டும் குறைந்தால் யாரிடம் செல்வது என்பவை நோயாளி வீடு திரும்பும் முன்னரே எழுதி வைக்கப்பட வேண்டும்.

நம் ஆசிரியர்களும் கள ஊழியர்களும்

நம் நாட்டில் இந்நோய்க்கென்றே அமைந்த சிகிச்சைப் பிரிவுகள் மிகச் சிலவே. அன்றியும், நோயின் தோற்றமும் மாறுபடலாம். ஹாங்காங் நோயாளிகளைப் பற்றி 1993இல் வெளியான ஆய்வில், அனோரெக்சியா நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் பருமனாகிவிடுவோம் என்ற அச்சத்தைக் கூறவேயில்லை. இந்திய மருத்துவர்களும் இத்தகையோரைக் கண்டுள்ளனர். “வயிறு நிறைந்துவிட்டது”, “பசியில்லை” என்றே அவர்கள் சொல்வர். காசநோய், நீரிழிவு, தைராய்டு நோய், குடல் நோய் ஆகியவை இல்லையென மருத்துவர் உறுதி செய்வது முதல் கடமை. அவை இல்லாதபோது, மெலிவின் காரணத்தை மனத்திலும் தேட வேண்டும்.

கல்லூரி விடுதிகளிலும் பயிற்சி நிலையங்களிலும் இருப்பவர்கள் சில குறிகளைக் காணலாம். பிறருடன் சேர்ந்து உண்ணாமை, உண்டதும் குளியலறைக்கு விரைதல், மாதவிலக்கு நின்றுபோதல், ஓயாத உடற்பயிற்சி, வெயிலிலும் குளிர் என்று போர்த்திக்கொள்ளுதல், பற்களின் மேற்பூச்சு கரைதல், கன்னத்தின் கீழ் வீக்கம், விரல் முட்டுகளில் தழும்பு ஆகியவை அவற்றுட் சில. இவற்றைக் கண்டால் தனியே அழைத்து அன்புடன் வினவ வேண்டும். “இளைத்துவிட்டாயே” என்று பலர் முன்னிலையில் கூறுவது நலம் பயவாது. தேறிவருபவரிடம் “சதை போட்டுவிட்டாய்” என்பது அதனினும் தீது. உறக்கம் வருகிறதா, தலை சுற்றுகிறதா, உணவைப் பற்றிய கவலை மனத்தை வாட்டுகிறதா என்று கேட்பதே தக்கது.

பின்னர், மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடம் அனுப்பலாம். 2022இல் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் என்னும் தொலைபேசி உதவியை 14416 என்ற எண்ணில், கட்டணமின்றி, எந்நேரமும் பெறலாம், தமிழிலும் பேசலாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசின் மனநலச் சிகிச்சையைப் பெறும் உரிமையை ஒவ்வொருவருக்கும் வழங்கியுள்ளது.

நெடுநாள் உண்ணாதிருந்த ஒருவர் மனம் மாறி “இனி உண்கிறேன்” என்று சொன்னால், இலை நிறையப் பரிமாறி மகிழ்வது நம் வழக்கம். அந்த நல்லெண்ணமே கேடாக முடியாதவாறு, அன்றைய தினமே அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் திரும்பி வந்தபின் வேளைதோறும் உடன் அமர்ந்து உண்ண ஒருவர் இருக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். சிறப்பு மருத்துவர் தொலைவில் இருப்பினும், இவ்விரண்டும் உங்களால் இயலக்கூடியவையே.