சங்குக்குப் பணியாத கடிகாரம்

கோலார் தங்கவயலின் பாலகாட் பகுதியைச் சேர்ந்த தமிழ்க் குடும்பத்தாருக்குச் சங்கொலியின் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை. சுரங்கங்கள் இயங்கிய காலத்தில் சங்கு ஊதியதும் ஒரு சாரார் பூமிக்குள் இறங்கினர். மற்றொரு சாரார் களைத்து மேலே வந்தனர். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. சங்கு ஓய்ந்தது, ஷிப்டு ஓயவில்லை. இன்று அவ்வூரார் பலர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் சென்று, இருட்டிய பின் வீடு திரும்புகின்றனர். ஆலைகளிலும் மருத்துவமனைகளிலும் இரவுக் காவலிலும் உழைப்போர் எத்தனையோ பேர்.

இரவு முழுதும் விழித்திருந்தவர் பகலில் படுத்தால் உறக்கம் முறையாக வருவதில்லை. கதிரவனையே காணாத சுரங்கத்தில் வேலை செய்தவருக்கும் நிலை இதுவே. உடல் பொழுதை எவ்வாறு அறிகிறது?

இக்கேள்வியை ஆராய்ந்தவர்களுள் மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த எம். கே. சந்திரசேகரன் குறிப்பிடத்தக்கவர். அவரும் அவருடைய குழுவினரும் இருண்ட குகையில் இலைமூக்கு வௌவால்களை அடைத்து வைத்துக் கவனித்தனர். ஒளியும் துணையும் இல்லாதபோதும் அவை நாள்தோறும் விழித்தன, உறங்கின. ஆனால் அவற்றின் நாள் சரியாக 24 மணியாக இல்லாமல் சிறிது பிறழ்ந்தது. கூட்டத்து வௌவால்கள் குகைக்குள் வந்து போய்க்கொண்டிருந்தபோதோ, அடைபட்டவையும் அவற்றோடு ஒத்தே இயங்கின. இம்முடிவு 1981-இல் வெளியாயிற்று. பாலூட்டியின் உடலுக்குள்ளேயே ஒரு கடிகாரம் உண்டு; அதனை வெளியுலகம் நாள்தோறும் திருத்தி வைக்கிறது என்பதே இதன் கருத்து.

அக்கடிகாரம் எதனால் ஆனது? 1994-இல் அமெரிக்காவில் ஜோசப் தகஹாஷி குழுவினர் நாள் ஒழுங்கு பிறழ்ந்த எலியொன்றைக் கண்டனர். 1997-இல் அதற்குக் காரணமான மரபணுவை இனங்கண்டனர். அதற்குக் ‘கிளாக்’ என்று பெயர். அதன் புரதமும் ‘பிமால்-1’ என்னும் புரதமும் இணைந்து, ‘பீரியட்’, ‘கிரிப்டோகுரோம்’ ஆகிய மரபணுக்களைப் பகலில் வேலை செய்யத் தூண்டுகின்றன. இவற்றால் விளையும் புரதங்கள் மெல்ல மெல்லச் சேர்ந்து, உயிரணுவின் உட்கருவுக்குள் திரும்பிச் சென்று, தம்மைத் தோற்றுவித்த இருவரின் கைகளையே கட்டிவிடுகின்றன. உற்பத்தி நிற்கிறது. இரவில் அப்புரதங்கள் சிதைந்து குறைந்ததும் கட்டு அவிழ்கிறது. வேலை மீண்டும் தொடங்குகிறது. இச்சுற்று முடிய ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது. வேறு மரபணுக்களும் துணை நின்று சுற்றை நிலைப்படுத்துகின்றன. மனிதரிடம் இதன் சராசரி அளவு 24 மணியும் சுமார் 11 நிமிடமும் ஆகும்.

இந்தக் கடிகாரம் ஈரல், இதயம் முதலிய உறுப்புகளின் உயிரணுக்களிலும் ஓடுகிறது. அவற்றுக்கெல்லாம் தலைமை வகிப்பது மூளையின் அடியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்திற்குச் சற்று மேலே உள்ள, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு முடிச்சு. கண்ணின் வழியே வரும் ஒளியைக் கொண்டு அது தன்னைத் திருத்திக்கொள்கிறது. ஈரலின் கடிகாரமோ உணவு நேரத்தையும் பின்பற்றுகிறது. ஆதலால் இரவு ஷிப்டில் மூளை ஒரு நேரமும் ஈரல் வேறொரு நேரமும் காட்டும் குழப்பம் நேர்கிறது. வாரந்தோறும் ஷிப்டு மாறினால், ஒன்றுக்குப் பழகுமுன்பே மற்றொன்று வந்துவிடுகிறது. இரவுப் பணி புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2007-இல் வகைப்படுத்தியதும் சிந்திக்கத்தக்கது.

ஆகவே, இரவுப் பணி முடித்து வந்தவர் பகலில் உறங்குவதைச் சோம்பல் என்று கருதுவது பெரும் பிழை. அறையை இருட்டாக்கி, வாசலில் வரும் பேச்சைக் குறைத்து, அவருடைய உறக்கத்தைக் காப்பது வீட்டாரின் கடமை. ஷிப்டு அட்டவணை வகுப்போருக்கும் இதில் பொறுப்புண்டு. சங்கொலி கேட்டு மனிதன் எழுந்து ஓடலாம். அவனுடைய உயிரணுக்கள் அத்தனை விரைவில் எழுந்து ஓடுவதில்லை.