உங்களுக்குத் தெரியுமா? வதந்தியை மனம் ஏன் நம்புகிறது

■ 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், சென்னையிலிருந்து சாமி கும்பிட வந்த மூதாட்டி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தவரை ‘பிள்ளை பிடிப்பவர்’ என்று ஊர் நம்பியது. அந்தப் பயத்தை விதைத்தவை, அப்போது வாட்ஸ்அப்பில் பரவிய பொய்ச் செய்திகள்.

■ ஒரே பொய்யைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அது உண்மைபோலத் தோன்றும். அமெரிக்க உளவியலாளர்கள் இதை 1977-லேயே சோதனையில் காட்டினார்கள்.

■ எதுவும் தன் கையில் இல்லை என்று உணர்பவர்கள், வெறும் புள்ளிகளிலும் இல்லாத உருவங்களைக் காண்கிறார்கள் என்கிறது 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வு. இல்லாத சதியும் அப்படித்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

■ இத்தகைய வதந்திகள் பரவுவதைக் குறைக்க, 2018 ஜூலையில், ஒரு செய்தியை ஒரே சமயத்தில் 5 பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு அறிவித்தது.

■ திருவண்ணாமலையில் ரமணாசிரமம் இருக்கும் செங்கம் சாலையில் முகம் தெரியாதவர்கள் தினமும் நடக்கிறார்கள். 1896-இல் ஞானி ரமணரும் 16 வயதில் அப்படித்தான் இந்த ஊருக்கு வந்தார். ‘நான் யார்?’ என்று கேட்கச் சொன்னவர் அவர். அடுத்த ஃபார்வர்டை அனுப்பும்முன், ‘இதைச் சொன்னது யார்?’ என்று ஒருமுறை கேளுங்கள். ஓர் உயிர் தப்பலாம்.