அளக்கப்பட்டவர் ஒருவர், இறந்தவர் வேறொருவர்

42 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் ஆணின் தொடை எலும்பு கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் எவ்வளவு உயரம் இருந்திருப்பார்? தடயவியல் படிப்பவர்கள் உலகம் முழுக்கப் புரட்டும் ட்ராட்டர் – கிளெசர் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், அமெரிக்க வெள்ளையர் என்றால் 161.4 செ.மீ., கறுப்பினத்தவர் என்றால் 159, கிழக்காசிய வம்சாவளி என்றால் 162.9. எலும்பு ஒன்றுதான், விடை மூன்று. ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் ஆறேழு சென்டிமீட்டர் பிசகலாம் என்பதையும் சேர்த்துக்கொண்டால், அந்த மனிதர் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கலாம், ஐந்தடி ஏழங்குலமாகவும் இருக்கலாம்.

நாகப்பட்டினத்துக்காரர் இந்த மூன்றில் எதில் வருவார்? எதிலும் வரமாட்டார். 1952லும் 1958லும் வெளியான அந்தச் சூத்திரங்கள் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போரிலும் கொரியப் போரிலும் மாண்ட அமெரிக்கச் சிப்பாய்களின் எலும்புகளை வைத்துப் போடப்பட்டவை. படையில் சேரும்போதே அவர்களுடைய உயரத்தை அளந்து எழுதிவைத்திருந்தார்கள். இறந்தபின் எலும்பை அளந்தார்கள். இரண்டு எண்ணும் கையில் இருந்ததால் கணக்கு அமைந்தது.

பேரிடர் நடக்கும்போதெல்லாம், இறந்தவர்களை அடையாளம் காண நமக்கென்று ஓர் உடல் அளவுத் தொகுப்பு வேண்டும் என்ற பேச்சு எழுகிறது. வேண்டும்தான், அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. ஆனால், யாரை அளப்பது என்று யாரும் கேட்பதில்லை.

பாடப்புத்தகத்தில் இருக்கும் இந்தியர்

நம் நாட்டில் இந்த வேலை நேற்று தொடங்கியதல்ல. 1924ல் வங்காளத்திலும், 1931ல் ஐக்கிய மாகாணத்திலும், 1944ல் பஞ்சாபிலும் எலும்பு நீளத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தைக் கணித்தார்கள். அந்தப் பெருக்கல் எண்களைத் தடயவியல் மருத்துவப் பாடப்புத்தகங்களில் காணலாம். ஆனால், தலைமுறைக்குத் தலைமுறை உடல்வாகு மாறுகிறது. தென் கொரியப் பெண்களின் சராசரி உயரம் ஒரு நூற்றாண்டில் சுமார் 20 செ.மீ. கூடியிருப்பதாக 2016ல் வெளியான உலகளாவிய ஆய்வொன்று சொன்னது. இந்தியாவில் வளர்ச்சி அவ்வளவு இல்லை. அதிலும் வசதி படைத்த வீடும் வறிய வீடும் ஒரே வேகத்தில் வளரவில்லை. அப்படியிருக்க, 1931ன் எலும்பை வைத்து இன்றைய மனிதரை நிறுத்தி அளப்பது எப்படிச் சரியாகும்?

இதைச் சரிசெய்யத்தான் பிற்காலத்தில் ஆய்வுகள் பெருகின. கை நீளத்திலிருந்து உயரம், பாத நீளத்திலிருந்து உயரம், முழங்கை முதல் மணிக்கட்டு வரையிலான நீளத்திலிருந்து உயரம் என்று இந்தியத் தடயவியல் இதழ்களில் ஏராளமான கட்டுரைகள் வந்துள்ளன. அவற்றில் ‘ஆய்வுக்கு உட்பட்டோர்’ என்ற பகுதியை மட்டும் படித்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் ஒரே வாசகம்தான்: மருத்துவக் கல்லூரி மாணவ மாணவியர், வயது 18 முதல் 25 வரை.

காரணம் புரிகிறது. அளப்பவர் அதே கல்லூரியின் ஆசிரியர் அல்லது முதுநிலை மாணவர். வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தலாம், ஒப்புதல் படிவத்தில் அங்கேயே கையெழுத்து வாங்கலாம். காலணியைக் கழற்றச் சொல்லி, உயரம் அளக்கும் கம்பத்தில் முதுகை ஒட்டி நிறுத்துவார்கள். பிறகு குதிகாலின் பின்முனையிலிருந்து நீண்ட விரலின் நுனி வரை பாதத்தை அளப்பார்கள். சிலருக்குக் கட்டைவிரல் நீளம், சிலருக்கு அடுத்த விரல். காலையில் இருக்கும் உயரம் மாலைக்குள் ஓரிரு சென்டிமீட்டர் வரை குறைந்துவிடும் என்பதால் நேரத்தையும் குறித்துக்கொள்வார்கள். வேலை சுத்தமாகத்தான் நடக்கிறது. நுழைவுத் தேர்வு எழுதித் தேறி, பாலும் முட்டையும் சாப்பிட்டு வளர்ந்து, பள்ளி நாளிலிருந்தே ஷூ போட்ட இருபது வயதுக் கால்தான் அங்கே ‘தென்னிந்தியர்’ ஆகிவிடுகிறது.

கரையில் நின்றவர்கள்

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை சுனாமியில் தமிழகக் கரையில் இறந்தவர்கள் யார் என்று நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் மாண்ட சுமார் எட்டாயிரம் பேரில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் நாகை மாவட்டத்தில் போனவர்கள். மீனவக் கிராமங்களில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் இறந்தார்கள். ஆழ்கடலில் இருந்த படகுகளுக்கு அடியில் அலை நழுவிப் போனது. மீனுக்காகக் கரையில் காத்திருந்தவர்களும் வீட்டில் இருந்த பிள்ளைகளும் கிழவிகளும் சிக்கிக்கொண்டார்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்பதால் வேளாங்கண்ணியில் வெளி மாவட்டத்தாரும் வெளி மாநிலத்தாரும் கூடியிருந்தார்கள்.

இவர்களில் எத்தனை பேர் அந்தக் கல்லூரி வரிசைக்குள் அடங்குவார்கள்? நாற்பதைத் தாண்டினால் உயரம் மெல்லக் குறையத் தொடங்குகிறது. அறுபது வயதுக் கூன்விழுந்த அம்மாவுக்கு இருபது வயதுச் சூத்திரம் போட்டால், அவர் குமரியாக இருந்தபோதைய உயரம்தான் வரும். குழந்தையின் எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும் எலும்பு, அதற்குக் கணக்கே வேறு. செருப்பில்லாமல் வளர்ந்த பாதம் முன்பக்கம் அகன்றிருக்கும் என்பது தென்னிந்தியாவில் வெறுங்காலோடு நடப்பவர்களையும் காலணி அணிபவர்களையும் ஒப்பிட்ட ஆய்விலேயே தெரிந்திருக்கிறது.

அன்று கரையில் யாரும் சூத்திரம் போட்டுக்கொண்டிருக்கவில்லை என்பது வேறு விஷயம். நோய் பரவும் என்ற அச்சத்தில் அவசரமாகக் குழி வெட்டினார்கள். முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்ல ஆள் கிடைத்தால் சொன்னார்கள், இல்லையென்றால் போட்டோவோடு சரி.

வீட்டுக்குத் தெரிந்த அளவு

அளவு எடுத்தவுடன் பெயர் வந்துவிடாது. கைரேகை, பல், டிஎன்ஏ மூன்றும்தான் முதன்மை அடையாளம் என்று இன்டர்போல் வகுத்து வைத்திருக்கிறது. உடல் அளவின் வேலை சல்லடை வேலை. நூறு உடல்களில் எந்தப் பத்தைக் குடும்பத்தாருக்குக் காட்டலாம், சிதறிய காலும் கையும் ஒரே உடலைச் சேர்ந்தவையா என்று பிரித்துக் கொடுக்கும்.

2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் மலை சரிந்தபோது இந்தச் சல்லடை எவ்வளவு தேவை என்று தெரிந்தது. சாலியாற்றில் பல கிலோமீட்டர் தாண்டி உடல் பாகங்கள் கிடைத்தன. புத்துமலையில் பெயருக்குப் பதில் எண்ணை எழுதிப் புதைத்தார்கள்.

சல்லடையில் போட எதிர்த்தரப்பிலிருந்தும் ஓர் எண் வரவேண்டும். வீட்டாரைக் கேட்டால், “என் தோளுக்கு இருப்பா” என்பார்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று இரண்டு மச்சம் எழுதியிருக்கும். மூன்று நாள் தண்ணீரில் ஊறிய தோலில் மச்சத்தை எங்கே தேடுவது? ஆனால், அதே வீட்டுக்குச் செருப்பு நம்பர் தெரியும். ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் இடையே எட்டரை மில்லிமீட்டர் வித்தியாசம். தையற்காரர் நோட்டில் தோள் அகலமும் கை நீளமும் இருக்கும். பீரோவில் அளவு ஜாக்கெட் மடித்து வைத்திருப்பார்கள். பாத நீளத்தை உயரமாக மாற்றி, பிசகையும் சேர்த்துக்கொண்டு அலைவதைவிட, பாதத்தைச் செருப்போடு நேரே ஒப்பிடுவது உருப்படியான வழி. அதற்குக் கூட, நம் மக்களில் ஏழாம் நம்பர் கால் எத்தனை பேருக்கு இருக்கும், எட்டு எத்தனை பேருக்கு என்ற பரவல் தெரிந்தாக வேண்டும். பத்துப் பெண்களில் ஆறு பேருக்கு ஒரே நம்பர் என்றால் அந்தச் சல்லடையால் என்ன பயன்?

டிஎன்ஏ வந்துவிட்ட காலத்தில் டேப் எதற்கு என்பவர்கள் உண்டு. குடும்பமே போய்விட்டால் ஒப்பிட ரத்தம் கொடுப்பது யார் என்பதுதான் அவர்களுக்குப் பதில். ஆதார் ரேகை இருக்கிறதே என்பார்கள் சிலர். தாய்லாந்தில் சுனாமிக்குப் பின் அடையாள அட்டை ரேகை கைகொடுத்தது உண்மைதான். நம் ஆதார் சட்டமோ எண் வழங்கவும் சரிபார்க்கவும் தவிர வேறெதற்கும் ரேகையைத் தொட அனுமதிப்பதில்லை.

டேப்பைக் கண்டால் வரும் பயம்

அளக்க வந்தால் மக்கள் நிற்பார்களா? தயங்கினால் குற்றம் சொல்ல முடியாது. வெள்ளைக்காரன் காலத்தில் மெட்ராஸ் அருங்காட்சியகத்தை மையமாக வைத்து மூக்கையும் மண்டையையும் அளந்து, சாதிவாரியாக 1909ல் ஏழு தொகுதி போட்டார்கள். குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தி விரல் ரேகை கேட்டதை எதிர்த்து நின்றவர்கள் மீது பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. 2022ன் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டப்படி, கைதானவரின் ரேகையும் பாதத் தடமும் 75 ஆண்டுகள் வரை பதிவில் இருக்கலாம். பிடிபட்டவருக்குப் பதிவேடு உண்டு, அலையில் போனவருக்கு இல்லை.

ஆகவே புதிய தொகுப்பில் பெயரும் சாதியும் கூடாது. வயது, பாலினம், மாவட்டம், செய்யும் தொழில், அளந்த ஆண்டு ஆகியவையே போதும்.

இதற்கெனத் தனி மையமும் கட்டடமும் தேவையில்லை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு ஏற்கெனவே வீடு வீடாகப் போய் உயரமும் எடையும் எடுக்கிறது. அந்தப் படிவத்தில் பாத நீளம், கை நீளம் என்று இரண்டு கட்டம் கூட்டினால் போதும். ஐந்தாம் சுற்று வரை பெண்களை 49 வயதோடும் ஆண்களை 54 வயதோடும் நிறுத்திக்கொண்டார்கள். அந்த வரம்பை எடுத்துவிட வேண்டும். மருத்துவ மாணவர்களை அளந்தது போதும். அடுத்த டேப் குப்பத்துக்கும் எஸ்டேட் லயத்துக்கும் வடமாநிலத் தொழிலாளர் தங்கும் கொட்டகைக்கும் போகட்டும். முதல் அளவை அறுபது வயது மீன்காரம்மாவிடம் எடுக்கட்டும்.