தகர டப்பாவில் பிறந்த வேகம்!

குட்டீஸ்! ஒரு பழைய மோட்டார் சைக்கிள். அதற்கு வயது 42. அதை ஓட்ட வந்த தாத்தாவுக்கு வயது 63. இரண்டு பேரும் சேர்ந்து மணிக்கு 288 கி.மீ. வேகத்தில் பறந்தார்கள் என்றால் நம்புவீர்களா?

நம்பத்தான் வேண்டும். 1962ஆம் ஆண்டு, அமெரிக்காவில் உள்ள ஓர் உப்பு வெளியில் இது நடந்தது. அந்தத் தாத்தாவின் பெயர் பர்ட் மன்ரோ. ஊர், நியூசிலாந்து நாட்டின் தென்கோடியில் இருக்கும் இன்வர்கார்கில். அவர் பெரிய பொறியாளர் இல்லை. மோட்டார் சைக்கிள் விற்பனையாளராக வேலை பார்த்தவர். சொந்தமாகத் தொழிற்சாலையும் கிடையாது. ஒரு சின்னக் கொட்டகை மட்டும்தான் இருந்தது.

அந்தக் கொட்டகைக்குள் நாமும் எட்டிப் பார்ப்போமா?

பெயர்தான் இந்தியன்!

மன்ரோவின் வண்டிக்கு 'இந்தியன் ஸ்கவுட்' என்று பெயர். 'அட, நம்ம ஊர் வண்டியா?' என்று துள்ளிக் குதிக்காதீர்கள். அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் 1901இல் தொடங்கிய கம்பெனியின் பெயர்தான் 'இந்தியன்'. அமெரிக்காவின் பழங்குடி மக்களை அந்நாட்டவர் 'இந்தியன்' என்று அழைத்து வந்தார்கள் அல்லவா? அதையே வண்டிக்கும் வைத்துவிட்டார்கள். மற்றபடி நமக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

1920இல் ஸ்கவுட் மாடல் புதிதாக வந்தபோது, மன்ரோ ஒன்றை வாங்கினார். அப்போது அவருக்கு 21 வயது. அந்த வண்டி எப்படி இருந்தது தெரியுமா? ஒல்லியான சக்கரங்கள். நீளமான, மெல்லிய பெட்ரோல் டேங்க். நடுவில், ஆங்கில 'வி' எழுத்தைப் போல விரிந்து நிற்கும் இரண்டு சிலிண்டர்கள். முன்சக்கரத்துக்கு மட்டும் வில் பட்டை. பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே கிடையாது. பள்ளத்தில் விழுந்தால் முதுகு கணக்குச் சொல்லும். பிரேக்? அதுவும் பின்சக்கரத்துக்கு மட்டும்தான்.

இஞ்சினின் அளவு 600 சிசி. ஆனாலும் மணிக்கு 88 கி.மீ. வேகத்துக்கு மேல் அந்த வண்டி போகாது. இன்று நம் தெருவில் ஓடும் 100 சிசி வண்டிகளே கிட்டத்தட்ட அந்த வேகத்தைத் தொட்டுவிடும்! இதிலிருந்தே தெரியவில்லையா, இஞ்சின் பெரிதாக இருந்தால் மட்டும் வேகம் வந்துவிடாது என்று?

அப்படியானால் அந்த 600 சிசியின் பலமெல்லாம் எங்கே போனது? மன்ரோவைத் தூங்கவிடாமல் செய்த கேள்வி இதுதான்.

இஞ்சினுக்கும் மூச்சு உண்டு

நாம் மூச்சு விடுகிறோம் அல்லவா? இஞ்சினும் அப்படித்தான். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை உள்ளே இழுக்கும். அதை அழுத்தி, நெருப்புப் பொறியால் வெடிக்கச் செய்யும். அந்த வெடிப்பு பிஸ்டனைக் கீழே தள்ளும். பிறகு புகையை வெளியே விடும். உள்ளே இழுக்கவும் வெளியே விடவும் இருக்கும் கதவுகள்தான் வால்வுகள்.

பழைய ஸ்கவுட்டில் இந்த வால்வுகள் சிலிண்டரின் பக்கவாட்டில் இருந்தன. அதனால் கலவை நேராக உள்ளே போக முடியாது. ஒரு திண்ணையில் ஏறி, வளைந்து, பிறகுதான் சிலிண்டருக்குள் இறங்க வேண்டும். புகையும் அதே சுற்று வழியில்தான் வெளியேற வேண்டும். மெதுவாக ஓடும்போது பரவாயில்லை. ஒரு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை மூச்சு விட வேண்டி வந்தால்? திணறிவிடும்! மூக்கடைத்த ஜலதோஷத்தோடு ஓட்டப் பந்தயத்தில் ஓடிப் பாருங்கள், புரியும். மேலும், அந்தத் திண்ணை இருக்கும் வரை கலவையை இறுக்கி அழுத்தவும் முடியாது. இறுக்கி அழுத்தினால்தான் வெடிப்பு பலமாக இருக்கும்.

மன்ரோ என்ன செய்தார் தெரியுமா? வால்வுகளைப் பக்கவாட்டிலிருந்து எடுத்து, சிலிண்டரின் தலைக்கு மேலே வைத்தார். சொல்வதற்கு ஒரு வரி. செய்வதற்கு? சிலிண்டரின் தலைப்பகுதி முழுவதும் புதிதாக வேண்டும். வால்வுகளைத் தள்ளிவிடும் கேம், கம்பிகள் எல்லாமே மாற வேண்டும். இஞ்சினில் பாதியைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்வதற்குச் சமம்.

கடையில் இல்லை, கையில் இருக்கிறது!

'புது பாகங்களைக் கடையில் வாங்கியிருப்பார்' என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. அவரிடம் அவ்வளவு பணம் கிடையாது. 1953இல் அந்தப் பழைய இந்தியன் கம்பெனி வண்டி தயாரிப்பதையே நிறுத்திவிட்டது. அவர் நினைத்த பாகங்களோ எந்தக் கடையிலும் எந்தக் காலத்திலும் விற்காதவை.

எனவே தானே செய்தார். பழைய தகர டப்பாக்களை அச்சாக வைத்து, உலோகத்தை உருக்கி ஊற்றி பாகங்களை வார்த்தார். பிஸ்டன்களைக்கூட அப்படித்தான் செய்தார். சிலிண்டருக்கு நல்ல வார்ப்பிரும்பு வேண்டுமே? எரிவாயு கொண்டுபோகும் பழைய இரும்புக் குழாய்களை எடுத்துக் குடைந்து சிலிண்டர் ஆக்கினார்!

அளவு பார்ப்பதற்கு மைக்ரோமீட்டர் என்று ஒரு கருவி உண்டு. முடியின் கனத்தைக்கூட அளந்துவிடலாம். மன்ரோவிடம் என்ன இருந்தது? ஒரு பழைய சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பி. அதை வைத்தே அளந்தார்.

கனெக்டிங் ராடு கதை இன்னும் சுவையானது. பிஸ்டனையும், கீழே சுழலும் தண்டையும் இணைக்கும் கை அது. பிஸ்டன் மேலே போய் 'டக்' என்று நின்று, கீழே வந்து, மறுபடி 'டக்' என்று நிற்கும். ஒவ்வொரு முறையும் இந்தக் கையைத்தான் பிய்த்து இழுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும். சாதாரண இரும்பு தாங்குமா? படீர் என்று முறிந்து, இஞ்சினையே கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். மன்ரோவுக்கு அப்படிப் பல தடவை நடந்திருக்கிறது. கடைசியில் அவர் தேடிப் பிடித்தது ஒரு டிராக்டரின் அச்சு! வயலில் பாரம் இழுப்பதற்காகச் செய்த உறுதியான எஃகு அது. அதை வெட்டி, கையாலேயே செதுக்கி கனெக்டிங் ராடு செய்தார்.

உடைந்த பாகங்களை அவர் குப்பையில் போடவில்லை. கொட்டகையில் ஓர் அலமாரியில் வரிசையாக அடுக்கினார். உருகிய பிஸ்டன், முறிந்த கம்பி, வெடித்த சிலிண்டர்... அதற்கு ஒரு பெயரும் எழுதி வைத்தார்: 'வேகக் கடவுளுக்குக் காணிக்கைகள்'! குறும்புக்காரத் தாத்தாதான். ஆனால் அந்த அலமாரியைப் பார்த்தால், எது எங்கே ஏன் உடைந்தது என்பது உடனே தெரிந்துவிடுமே. அது அவருடைய பாடப் புத்தகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1926 வாக்கில் தொடங்கிய வேலை இது. 1940களின் கடைசியில், பார்த்துக்கொண்டிருந்த வேலையையும் விட்டுவிட்டார். கொட்டகையே வீடு, வீடே கொட்டகை! 600 சிசி இஞ்சின் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து 850 ஆயிற்று, 920 ஆயிற்று, 1967இல் 950 சிசி ஆயிற்று. வண்டிக்கு அவர் வைத்த பெயர் 'மன்ரோ ஸ்பெஷல்'.

கண்ணுக்குத் தெரியாத சுவர்

இஞ்சின் தயார். ஆனால் இன்னொரு எதிரி பாக்கி. காற்று!

எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்திருக்கிறீர்களா? யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளுவதுபோல இருக்கும். உடனே என்ன செய்வீர்கள்? தலையைத் தாழ்த்தி, குனிந்துகொண்டு மிதிப்பீர்கள். மன்ரோவும் அதையேதான் செய்தார், கொஞ்சம் பெரிய அளவில்.

வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதை எதிர்த்து ஓடத் தேவைப்படும் திறனோ எட்டு மடங்கு! அதாவது 2 x 2 x 2. இப்போது 88 கி.மீ. வேகத்திலிருந்து 295 கி.மீ. வேகத்துக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றை வெல்ல மட்டுமே 37 மடங்குக்கும் மேல் திறன் வேண்டும். சிசியோ 600லிருந்து 950 ஆகத்தான் வளர்ந்தது. எத்தனை முறை இஞ்சினைச் செதுக்கினாலும் 37 மடங்கு வராது. ஆகவே, வண்டியின் உருவத்தையே மாற்ற வேண்டும்.

மன்ரோ ஸ்பெஷலின் படத்தைப் பார்த்தால், 'இது மோட்டார் சைக்கிளா, மீனா?' என்று கேட்பீர்கள். முன்னால் உருண்டை மூக்கு, பின்னால் ஒடுங்கும் வால். முழு வண்டியையும் மூடிய ஃபைபர் கிளாஸ் ஓடு. மூக்கு கூராக இல்லாமல் உருண்டையாக இருக்கிறதே என்று பார்க்கிறீர்களா? காற்றை விலக்குவது அவ்வளவு பெரிய வேலை இல்லை. விலகிய காற்று பின்னால் வந்து அமைதியாகச் சேர வேண்டும், அதுதான் கஷ்டம். சேராவிட்டால் வண்டியின் முதுகுக்குப் பின்னால் சுழல் உண்டாகி, வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். வால் நீளமாக ஒடுங்குவது அதற்காகத்தான். தண்ணீரில் வேகமாக நீந்தும் மீனின் உடம்பும் இப்படித்தானே இருக்கிறது?

அந்த ஓட்டுக்குள் மன்ரோ வயிறு கீழே படும்படி குப்புறப் படுத்துக்கொள்வார். டயர்களையும் விட்டுவைக்கவில்லை. டயரின் மேலே இருக்கும் பள்ளமும் மேடுமான ரப்பரைக் கத்தியால் சீவி, வழுவழுப்பாக்கினார்.

உப்புக் கடல்... தண்ணீர் மட்டும் இல்லை!

இவ்வளவு வேகமாக ஓட்ட ரோடு எங்கே இருக்கிறது? அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் போனவில் என்ற உப்பு வெளி இருக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு பிரமாண்டமான ஏரி இருந்தது. அது வற்றிப்போக, உப்பு மட்டும் மிஞ்சியது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளை. மரம் இல்லை, மேடு இல்லை, வளைவு இல்லை. வழி தவறாமல் இருக்க உப்பின் மேல் ஒரு கறுப்புக் கோடு போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். (நம்ம ஊர்த் தெருவில் முயற்சி பண்ணலாமா என்று யாரும் அண்ணனைக் கிளப்பிவிடாதீர்கள்!)

கப்பல் ஏறி அங்கே போனார் மன்ரோ. முதல் பந்தயமே 1962இல். 288 கி.மீ. வேகம், உலக சாதனை! பிறகு பல முறை வந்தார்.

1967இல் ஓர் ஓட்டத்தின்போது வண்டி நன்றாகப் பறந்துகொண்டிருந்தது. பாதி தூரத்தைத் தாண்டியதும் திடீரென்று உதற ஆரம்பித்தது. பிரேக்கைப் பிடித்தால் உப்பில் சறுக்கிவிடும். வேகத்தைக் குறைக்க மன்ரோ என்ன செய்தார் தெரியுமா? படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். அதாவது, இத்தனை நாள் எதிரியாக இருந்த காற்றையே பிரேக்காக ஆக்கினார். காற்று மோதிய வேகத்தில் கண்ணாடி பறந்தே போய்விட்டது! கண்ணே தெரியவில்லை. கறுப்புக் கோட்டை விட்டு எங்கேயோ விலகி, ஓர் இரும்புக் கம்பத்தில் மோதாமல் சில அங்குல இடைவெளியில் தப்பினார். பிறகு வண்டியை உப்பின் மேல் சாய்த்துவிட்டார். சிராய்ப்புகளோடு பிழைத்தார். 68 வயதில்!

அதே 1967இல்தான் அவருடைய மிகப் பெரிய சாதனையும் வந்தது. 1000 சிசிக்குக் குறைவான வண்டிகளின் பிரிவில் மணிக்கு 295.45 கி.மீ. அதற்கான தகுதிச் சுற்றில் ஒரு திசையில் மட்டும் 305 கி.மீ. வேகத்தையும் தாண்டியிருந்தார்.

ஒரு கணக்கு... 47 வருஷம்!

பர்ட் மன்ரோ 1978 ஜனவரியில் காலமானார். 2005இல் அவருடைய கதை திரைப்படமாக வந்தது. அவருடைய மோட்டார் சைக்கிள்களை இன்வர்கார்கிலில் ஓர் இரும்புச் சாமான் கடையில் இன்றும் பார்க்கலாம். ஆணி, சுத்தியல் வாங்க வருகிறவர்கள் அப்படியே சாதனை வண்டியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறார்கள்!

இப்போது பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேக சாதனைக்கு ஒரு தடவை ஓட்டினால் போதாது. போகும்போது ஒரு முறை, திரும்பி வரும்போது ஒரு முறை ஓட்ட வேண்டும். ஒரு பக்கம் காற்று உதவி செய்தால், மறுபக்கம் அதுவே தடுக்கும் அல்லவா? அதனால் இரண்டின் சராசரியைத்தான் எழுதுவார்கள். 1967இல் மன்ரோ ஓட்டிய இரண்டு ஓட்டங்களின் வேகம், மைல் கணக்கில்: 184.710, 183.463. கூட்டி இரண்டால் வகுத்துப் பாருங்கள்.

184.087 வருகிறதா? ஆனால் அன்று ஏட்டில் எழுதியது 183.586! கணக்கில் யாரோ தவறு செய்துவிட்டார்கள். அதை எவரும் கவனிக்கவே இல்லை. பல ஆண்டுகள் கழித்து மன்ரோவின் மகன் கண்டுபிடித்துச் சொன்னார். அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் சரிபார்த்தது. 2014இல், அதாவது 47 ஆண்டுகளுக்குப் பிறகு, சாதனையைத் திருத்தி எழுதியது: மணிக்கு 184.087 மைல். நம் கணக்கில் 296.26 கி.மீ.!